ஆட்டைக் கொல்லும் இலை, பேனை வளர்க்கும் இலை

மரவள்ளிக் காட்டுப் பக்கம் ஆட்டை அவிழ்த்துவிடக் கூடாது என்பது ஜேடர்பாளையத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பசி வேகத்தில் கொழுந்தை வயிறு முட்டத் தின்ற ஆடு மூச்சு வாங்கி, கால் உதறி, வைத்தியர் வருவதற்குள் சாய்ந்துவிடும். காரணம் சயனைடு. மரவள்ளி இலையின் செல்லுக்குள் லினமாரின் என்ற சேர்மம் ஒரு பக்கம் அடைந்து கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி செல்லின் சுவரில் இருக்கிறது. இலை முழுசாக இருக்கும்வரை இரண்டுக்கும் சந்திப்பே இல்லை. பல் பட்டு இலை நசுங்கியதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு கிளம்புகிறது. கிழங்கின் சதையைவிட இலையில் இந்தச் சரக்கு பல மடங்கு அதிகம்.

அதே இலையின் அடிப்பக்கத்தில், சித்திரை வெயிலில், அரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு செம்பேன் நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறது. ஆட்டைச் சாய்க்கும் விஷம் இதை ஏன் ஒன்றும் செய்வதில்லை? எல்லா மரவள்ளியிலும் இது ஒரே வேகத்தில் பெருகுமா? முள்ளுவாடி ரகம் போட்ட காடும் குங்கும ரோஸ் ரகம் போட்ட காடும் இதற்கு ஒன்றுதானா? முதல் கேள்விக்கான விடை 2014-ல்தான் தெளிவானது. மற்ற இரண்டுக்கும் வருவதற்குக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

முதலில் ஊர். ஜேடர்பாளையத்தில் காவிரிக்குக் குறுக்கே இருக்கும் அணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. அதை வெட்டியவர் என்று அல்லாள இளைய நாயக்கரின் பெயரை இந்த வட்டாரம் இன்றும் சொல்கிறது. வாய்க்கால் பாயும் பக்கமெல்லாம் வெற்றிலை, வாழை, கரும்பு. வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்காடுகளில் கிணற்றையும் மழையையும் நம்பி மரவள்ளி. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, சேலத்து வியாபாரிகள் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி திரட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தொழில் வளர்ந்து, 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு வரை வந்து, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தையே மரவள்ளிக்குத் திருப்பிவிட்டது.

இங்கே ஒரு ரகத்தின் தகுதியைத் தீர்மானிப்பது ஆலை வாசல். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதைப் ‘பாயிண்ட்’ என்கிறார்கள்; பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை. அதனால் புது ரகம் என்று யாராவது சொன்னால் முதலில் வரும் கேள்வி, “பாயிண்ட் எத்தனைங்க வருது?” அடுத்தது, எத்தனை மாதத்தில் பிடுங்கலாம். மூன்றாவது, மஞ்சள் தேமல் நோய் வருமா. திருவனந்தபுரத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-ல் வெளியிட்ட எச்-226 இங்கே இத்தனை காலம் நின்றதும் இந்தக் கேள்விகளுக்கு ஏதோ ஒரு விதத்தில் பதில் சொன்னதால்தான். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களும் இதே தராசில்தான் நிறுக்கப்படுகின்றன. பேனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கோடையில் அடியிலை பழுத்துக் கொட்டினால் “வெயிலுக்குங்க” என்று முடித்துக்கொள்கிறார்கள். வெயில் பாதிக் காரணம்தான்.

இனிப் பேன். பூச்சிக்கு ஆறு கால், பேனுக்கு எட்டு. இது சிலந்தி, தேள் இவற்றின் உறவு, நூலும் நூற்கும்; அதனால் சிலந்திப்பேன் என்றும் பெயர். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால், முதல் தோல் உரித்ததும் எட்டு கால், மூன்றாவது உரிப்பில் முழுப் பேன். நம் மரவள்ளியில் ஒரே இனம் இல்லை. ஒலிகோனிகஸ் பிஹாரென்சிஸ், யூடெட்ரானிகஸ் ஓரியண்டாலிஸ் இரண்டும் இலையின் மேல்பக்கத்தில் மேய்பவை. டெட்ரானிகஸ் வகையறா அடிப்பக்கத்தில் வலை கட்டி வாழ்பவை. இந்த இரண்டாம் கூட்டத்தில்தான் உலகப் புகழ் பெற்ற ஒன்று இருக்கிறது: டெட்ரானிகஸ் உர்டிகே. 1836-ல் கோக் என்ற ஜெர்மானியர் இதற்குப் பெயர் வைத்தார். குளிர்நாடுகளில் முதுகில் இரண்டு கரும்புள்ளியோடு பச்சையாக இருக்கும். வெப்ப நாடுகளில் சிவப்பு வடிவம் அதிகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் வாழும். மகாபலேஸ்வரத்து ஸ்ட்ராபெர்ரியோ, ஓசூர் ரோஜாவோ, பரமத்தி வேலூர்ச் சந்தைக்கு வரும் கத்தரி, வெண்டையோ, எதுவும் அதற்கு ஆகாதது இல்லை.

அது தின்னும் விதம் நுணுக்கமானது. வாயில் ஊசி போன்ற உறுப்பு. அதை ஒவ்வொரு செல்லாகச் செருகி, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு அடுத்ததற்குப் போகிறது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 செல்கள். காலியான செல்லெல்லாம் வெளிறிய புள்ளி. மரவள்ளியில் அந்தப் புள்ளிகள் நடுநரம்பை ஒட்டித் தொடங்கி, இலை முழுக்கப் பரவி, சாம்பல் பூத்த நிறத்துக்கு வந்து, கடைசியில் இலை காம்போடு கழன்று விழுகிறது. முற்றிய அடியிலைகள்தான் முதல் பலி.

பெருக்கம் என்று பார்த்தால் இதற்கு இணை சொல்வது கடினம். பெண் பேன் ஆணைச் சேராமலே முட்டையிடும். அவை எல்லாம் ஆண் குஞ்சுகள். சேர்ந்தால் பெண் குஞ்சுகளும் வரும், அதுவும் ஆணைவிட இரண்டு மூன்று மடங்கு. காற்றில் பறந்து வந்து உங்கள் காட்டில் தன்னந்தனியாக இறங்கும் ஒரு கன்னிப் பேன் முதலில் மகன்களைப் பெற்று, அவர்களில் ஒருவனோடு சேர்ந்து, பிறகு மகள்களைப் பெறும். நமக்கு அருவருப்பு, அதற்கு அது குடியேற்றத் திட்டம். 30 டிகிரி வெப்பத்தில் முட்டை ஒன்றரை வாரத்துக்குள் முழுப் பேனாகிறது. 20 டிகிரியில் இரண்டு வாரத்துக்கும் மேல் ஆகும். ஒரு தாய் தன் ஆயுளில் நூறு முட்டை வரை இடும்.

இங்கேதான் ரகம் நுழைகிறது. காகிதக் கணக்காக ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு ரகத்தில் ஒரு தாய்க்கு 50 மகள்கள் பிழைக்கின்றன, ஒரு தலைமுறைக்கு 14 நாள் என்று கொள்வோம். 42 நாளில் மூன்று தலைமுறை. ஐம்பதை மும்முறை பெருக்கினால் ஒன்றேகால் லட்சம். இன்னொரு ரகத்தில் இலை இன்னும் சத்தானது, மகள்கள் 75. அதே 42 நாளில் 4.2 லட்சம். மூன்றாவது ரகத்தில் மகள்கள் பழையபடி 50-தான், ஆனால் தலைமுறை 12 நாளிலேயே முடிந்துவிடுகிறது. இப்போது கணக்கு 8.8 லட்சத்தைத் தொடுகிறது. முட்டை ஒன்றரை மடங்கானதைவிட இரண்டு நாள் குறைந்ததுதான் பெரிய அடி. திருப்பியும் பாருங்கள்: ஒரு ரகம் பேனின் வளர்ச்சியை இரண்டே நாள் தாமதப்படுத்தி 16 நாளாக்கினால், ஒன்றேகால் லட்சம் 29 ஆயிரமாகச் சுருங்குகிறது. ஒரு பேன்கூடச் சாகவில்லை, முட்டையும் குறையவில்லை. கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய கடன்போல, அசலைவிட எத்தனை நாளுக்கு ஒருமுறை வட்டி ஏறுகிறது என்பதுதான் குடும்பத்தை மூழ்கடிக்கிறது. பேனுக்கு எதிராக நல்ல ரகம் செய்யும் வேலை பெரும்பாலும் அந்த வட்டியில் கை வைப்பதுதான்.

நிஜக் காட்டில் மழை உண்டு, எதிரிகள் உண்டு, இடநெருக்கடி உண்டு. லட்சக் கணக்கு அப்படியே நடக்காது. ஆனால் ரகங்களுக்கு இடையிலான ஒப்பீடு நிற்கும். ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கும் முறையும் எளிமையானது. ஈரப் பஞ்சின்மேல் இலைத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதில் ஒரே ஒரு இளம் பெண் பேனை விட்டுத் தினமும் முட்டையை எண்ணுவார்கள். ஈரத்தைத் தாண்டிப் பேன் தப்பாது. குஞ்சு பொரிந்த நாள், தோல் உரித்த நாள், செத்த நாள் எல்லாம் பதிவாகும். ஸ்ட்ராபெர்ரி ரகங்கள் உலகெங்கும் இப்படித்தான் ஒப்பிடப்படுகின்றன. அந்த ஆய்வுகளில் இலையின் ரோமமும் பீனால் சேர்மங்களும் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. எனக்கு இந்த முறையில் ஒரு குறை தெரிகிறது. வெட்டிய இலைக்கு வேர் இல்லை. உயிருள்ள செடி பேன் கடித்த பிறகு புதிதாகத் தயாரிக்கும் எதிர்ப்புச் சரக்கு வெட்டிய துண்டில் முழுதாக வராது. துண்டில் தோற்ற ரகம் காட்டில் ஜெயிக்கலாம்.

ஒரு ரகம் பேனை எதிர்ப்பது என்றால் என்ன என்பதை அமெரிக்காவின் கான்சாஸைச் சேர்ந்த ரெஜினால்ட் பெயின்டர் 1951-ல் தன் நூலில் பிரித்துக் காட்டினார். பூச்சிக்கு அந்தச் செடி பிடிக்காமல் போகலாம். பிடித்துத் தின்றாலும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் பெருக்கம் குறையலாம். இரண்டும் இல்லாமல், பூச்சி நன்றாகவே பெருகியும் செடி தாங்கிக்கொண்டு விளைச்சல் தரலாம். மூன்றாவதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. தாங்குகிற ரகம் வைத்திருப்பவருக்கு நட்டமில்லை, பாயிண்ட் குறையாது. ஆனால் அவர் காடு பேனுக்கு நாற்றங்கால். காற்று அடிக்கிற பக்கம் இருப்பவரின் கத்தரிக்குத்தான் அதன் விலை தெரியும். ஒரு ரகத்தை ‘பேனைத் தாங்கும்’ என்று சிபாரிசு செய்யும்போது இது எந்தத் தாங்கல் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது சயனைடுக்கு வருவோம். சயனைடு கூடிய கசப்பு மரவள்ளி போட்டால் பேன் வராது என்று ஒருவர் நினைத்தால் தப்பில்லை. விஷம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது நியாயமான ஊகம். 2011-ல் டெட்ரானிகஸ் உர்டிகேயின் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டது. சுமார் 9 கோடி எழுத்துகள். அதுவரை படிக்கப்பட்ட கணுக்காலிகளில் மிகச் சிறியது. அந்தச் சின்னப் புத்தகத்தில் வேறு யாரோ எழுதிய பக்கங்கள் சில இருந்தன. நிறம் தரும் கரோட்டினாய்டைத் தயாரிக்கும் மரபணு பூஞ்சையிலிருந்து வந்தது. 2014-ல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்திய ஆய்வு இன்னொரு பக்கத்தைப் படித்தது. அது எப்போதோ பாக்டீரியாவிடமிருந்து பேனின் மூதாதைக்குள் புகுந்த மரபணு. அது தயாரிக்கும் நொதி சயனைடைப் பிடித்து, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து, பீட்டா-சயனோஅலனைன் என்ற தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகிறது. ஆட்டிடம் இல்லாத ஆயுதம். மரவள்ளி பல லட்சம் ஆண்டுகளாகத் தென் அமெரிக்காவில் தீட்டிய கத்தியை இந்தப் பேன் கடன் வாங்கிய கேடயத்தால் தடுக்கிறது. ஆகவே சயனைடு கூடிய கசப்பு ரகம், இனிப்பு ரகம் என்ற பிரிவைப் பேனுக்கு எதிரான அளவுகோலாக நம்ப முடியாது.

கசப்பே பயன்படாதா என்றால், வெள்ளரியில் பயன்பட்டது. 1971-ல் டா கோஸ்டா, ஜோன்ஸ் என்ற இருவர் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எனக்குப் பிடித்தவற்றில் ஒன்று. வெள்ளரிக்குக் கசப்பைத் தருவது ஒரே ஒரு மரபணு. கசப்பு இருக்கும் செடியில் சிலந்திப்பேன் திணறுகிறது. கசப்பை நீக்கிய செடியில் கொழிக்கிறது. ஆனால் அமெரிக்காவின் வெள்ளரி வண்டுக்குக் கசப்புதான் விருந்து; கசப்பில்லாத செடியை அது சீந்துவதில்லை. ஒரே மரபணு, இரண்டு பகைவர்கள், எதிரெதிர் முடிவு. தின்பவருக்கு இனிக்கட்டும் என்று கசப்பை எடுத்த விதை வியாபாரி வண்டை விரட்டிவிட்டுப் பேனை அழைத்து வந்தார்.

ரோமத்தின் கதையும் இப்படித்தான். தக்காளியின் காட்டு உறவினங்களில் பிசின் சுரக்கும் ரோமங்கள் உண்டு. பேன் ஒட்டிக்கொண்டு சாகும். பேனைத் தின்னும் இரைகௌவிப் பேனும் அதே பிசினில் ஒட்டிக்கொண்டு சாகும். காவலுக்கு நாயைக் கட்டிவிட்டு நாய்க்கே பொறி வைத்த கதை.

ஆனால் ரோமம் நன்மை செய்த ஓர் இடம் மரவள்ளியிலேயே இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவின் மரவள்ளிப் பச்சைப்பேன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. நம் செம்பேன் அடியிலையில் தொடங்கும். பச்சைப்பேன் கொழுந்தைத் தாக்கும். பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு, பிரேசிலிலிருந்து டிப்லோட்ரோமாலஸ் அரிப்போ என்ற இரைகௌவிப் பேனைக் கொண்டுவந்து 1993-ல் பெனின் நாட்டில் விட்டார்கள். அது வேகமாகப் பரவிப் பச்சைப்பேனை அடக்கியது. இதன் பழக்கம் விசித்திரம். பகலில் மரவள்ளியின் நுனிக்குருத்துக்குள் ஒளிந்திருந்து, இரவில் இறங்கி வந்து இலைகளில் வேட்டையாடும். குருத்து ரோமமாக இருக்கும் ரகத்தில் நிறையத் தங்கும், வழவழப்பான குருத்தில் தங்காது. அதனால் அங்கே ஒரு ரகத்தில் பச்சைப்பேன் எவ்வளவு பெருகும் என்பதில், இலையின் ருசியைப் போலவே குருத்தில் காவல்காரனுக்கு இடமுண்டா என்பதும் சேர்ந்துகொள்கிறது. ரகம் இங்கே தானே சண்டை போடவில்லை, சண்டை போடுகிறவனுக்கு வீடு கொடுக்கிறது. இலைத்துண்டில் முட்டை எண்ணும் சோதனை இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. துண்டில் குருத்து ஏது?

நம் காடுகளிலும் காவல்காரர்கள் உண்டு. நியோசியுலஸ் லாங்கிஸ்பைனோசஸ் என்ற இரைகௌவிப் பேன், ஸ்டெதோரஸ் என்ற கடுகளவுக் கறுப்புப் பொறிவண்டு இரண்டும் சிலந்திப்பேன் காலனிக்குள் புகுந்து முட்டையைத் தின்பவை. இவற்றைக் கெடுப்பவர் பெரும்பாலும் நாம்தான். வெள்ளை ஈக்கென்று அடிக்கும் செயற்கைப் பைரித்ராய்டு மருந்து பொறிவண்டைக் கொன்றுவிட்டுப் பேனை விட்டுவிடுகிறது. இமிடாகுளோபிரிட் அடித்த செடியில் பேன் கூடுதல் முட்டையிட்டதைக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. பேனுக்கென்றே உள்ள மருந்தை அடித்தாலும் அதிக நாள் ஓடாது. இந்த இனம் 90-க்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களுக்கு உலகில் எங்காவது ஓரிடத்தில் எதிர்ப்புக் காட்டியிருக்கிறது. யூரியாவை அள்ளிக் கொட்டிய காட்டில் இலையின் நைட்ரஜன் கூடி, பேன் சீக்கிரம் பருவத்துக்கு வருகிறது. மண்சாலை ஓரத்து வரிசையில் புழுதி படிந்த இலை காவல்காரர்களுக்கு ஆவதில்லை. இத்தனையும் ரகத்தோடு சேர்ந்துதான் வேலை செய்கின்றன. எதிர்ப்பு ரகம் என்று பெயர் வாங்கிய ஒன்றை யூரியாவில் ஊறவைத்தால் அந்தப் பெயர் நிற்காது.

மரவள்ளிக்கே உரிய இன்னொரு சிக்கல் குச்சி. நெல்லைப்போல விதை இல்லை. தாய்ச்செடியின் தண்டை வெட்டி நடுகிறோம். ஜேடர்பாளையத்து முள்ளுவாடியும் ராசிபுரத்து முள்ளுவாடியும் மரபணுவில் ஒரே செடி. பேன் அப்படி இல்லை. ஒரு கோடைக்குள் அது எட்டு, ஒன்பது தலைமுறை எடுத்து, ஒவ்வொன்றிலும் சீட்டைக் கலைத்துப் போடுகிறது. 1979-ல் அமெரிக்க ஆய்வாளர் பிரெட் கூல்ட் சிலந்திப்பேன்களைக் கசப்பு வெள்ளரியிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்தார். தொடக்கத்தில் திணறிய கூட்டம் பிறகு பழகிக்கொண்டது. அதோடு நிற்காமல், முன்பு ஒத்துக்கொள்ளாத வேறு சில செடிகளிலும் பிழைக்கக் கற்றிருந்தது. ஒரே ரகத்தை மாவட்டம் முழுக்க வருடக்கணக்கில் நடும்போது நாமும், கூலி இல்லாமல், அந்தப் பரிசோதனையைத்தான் நடத்துகிறோம்.

குச்சி கைமாறும் வழியில் எது வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளும். 2020-ல் கேரளத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, அடுத்த சில பருவங்களுக்குள் நாமக்கல், சேலம் காடுகளின் கொழுந்துகளைச் சுருட்டிவிட்டது. பெனினிலிருந்து அனகைரஸ் லோபசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தில் பெருக்கி, 2022 மார்ச் 7-ஆம் தேதி ஏத்தாப்பூர் நிலையத்தில் விட்டார்கள். ஆப்பிரிக்காவில் இதே குளவியை வைத்து இதே மாவுப்பூச்சியை அடக்கியதற்காகத்தான் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. மாவுப்பூச்சிக்குக் குளவி கிடைத்தது போல, செம்பேனுக்கு ஒரே ஒரு வெளிநாட்டு விருந்தாளி வந்து காரியம் முடியும் என்று நான் நினைக்கவில்லை. அதன் எதிரிகள் ஏற்கெனவே இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் வாங்கித் தருவதுதான் நம் வேலை, அந்த நேரத்தைத் தரக்கூடியது ரகம். பேன் இரண்டு நாள் தாமதமாகப் பருவத்துக்கு வந்தால் பொறிவண்டு எட்டிப் பிடித்துவிடும்.

இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரே காட்டில், ஒரே நாளில், ஒரே தண்ணீரில் இரண்டு ரகத்தை மாற்றி மாற்றி நாலைந்து வரிசை நட வேண்டும். தனித்தனிக் காட்டில் நட்டால் மண்ணின் வித்தியாசத்தை ரகத்தின் தலையில் கட்டிவிடுவோம். மாசி பிறந்ததிலிருந்து வாரம் ஒருமுறை, ஒவ்வொரு வரிசையிலும் அதே உயரத்து அடியிலை ஒன்றைப் பறித்து, வெள்ளைத்தாளின்மேல் தட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் எண்ணலாம். ஓடுகிற சிவப்புப் பொட்டுகளை ஒரு பத்தியிலும், விரைவாக ஓடும் வெளிர்நிறக் காவல்பேன்களை இன்னொரு பத்தியிலும் குறிக்க வேண்டும். ஏதாவது ஒரு வாரத்தில் எத்தனை என்பது முக்கியமில்லை. பத்துப் பேன் நூறாக ஒரு ரகத்தில் எத்தனை நாள், இன்னொன்றில் எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். இலை கொட்டியதை மட்டும் வைத்து முடிவு கட்டினால் தாங்கும் ரகமும் தடுக்கும் ரகமும் ஒன்றாகவே தெரியும். ரகம் வெளியிடும்போது தரும் அட்டவணையில் பாயிண்ட், மாதம், தேமல் என்ற மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் அந்த நாள் கணக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்குவதில் எந்த நிலையத்துக்கும் பெரிய செலவு ஆகிவிடாது.